கணினி மாற்றமும் நமது கடமையும்

நாம் செய்த தவறொன்றை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பிறருக்குப் புத்தி சொல்வதற்கு முன் தமது பிழையைச் சொல்லிவிடுவது வழக்காடுவோருக்கும் நன்று. பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கும் நன்று.

தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவரின் வயற்காணி எல்லை வழக்கு மறுநாள் விசாரணைக்கு இருந்தது. முந்திய நாள் மாலை, திருகோணமலையிலுள்ள நமது அலுவலகக் கணினியின் திரையில், புதிய பதிப்பை நிறுவலாம் என்ற அறிவித்தல் தோன்றியது. பல நாள்களாகத் தோன்றிக்கொண்டிருந்த அறிவித்தல்தான். அன்று என்ன நினைத்தோமோ, சம்மதம் என்று அழுத்திவிட்டு வீடு திரும்பினோம். விடிந்து வந்து பார்த்தபோது கணினி புதுக்கோலம் பூண்டிருந்தது. ஆனால் அச்சுப்பொறி அசைய மறுத்தது. உறுதிகளைப் பிரதி எடுக்கும் வருடியோ, அப்படியொன்று இருப்பதாகவே கணினி அறியவில்லை. அவசரத்தில் ஓர் இளைஞரை அழைத்து, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடு தம்பி" என்று பணித்தோம். அவர் பணித்தபடி செய்தார். அழிந்தவற்றுள் பழைய தமிழ் எழுத்துருக்களும் அடங்கும். பத்தாண்டுகளுக்கு முன் தட்டச்சுச் செய்து தனி வட்டில் வைத்திருந்த சத்தியக்கடதாசிகள், திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகக் காட்சியளித்தன.

நீதிமன்றில் தவணை கேட்டோம். அறுவடைக் காலத்தில் ஒரு நாளை இழந்து வந்திருந்த அம்முதியவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "என்ன செய்யிறது ஐயா, மெஷினுக்கும் வருத்தம் வருந்தானே" என்றார். அவருடைய பெருந்தன்மை நமக்குத் தண்டனையாகவே இருந்தது. ஏனெனில் வருத்தம் வந்தது இயந்திரத்துக்கு அன்று. முன்யோசனையின்றிச் செயற்பட்ட நமக்கே.

இதனை நமது சொந்தக் கதையாகவே விட்டுவிடலாமா? விடலாகாது. காணிப் பதிவும் உரப் பதிவும் பேணும் கமநல சேவை நிலையம், நெற்கணக்கு எழுதும் கூட்டுறவுச் சங்கம், மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் உள்ள பாடசாலைகள், மீனவர் சங்கங்கள், வைத்தியர், நொத்தாரிசு, கணக்காளர் என இன்று கணினியின்றி இயங்குவோர் எத்தனை பேர்? நமக்கு நேர்ந்தது நாளை அவர்கள் எவருக்கும் நேரலாம். ஆகவேதான் இதை அரசியற் பத்திரிகையிற் பேசுகிறோம். மக்களின் பதிவேடுகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே அரசியலும் இருக்கிறது.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். கணினியின் எல்லா உறுப்புகளையும் ஆண்டு நடத்தும் மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்று நம் பிள்ளைகள் பாடசாலையிற் படிக்கிறார்கள். வின்டோஸ் என்பது அவ்வகையில் ஒன்று. ஆனால் அந்த முறைமை தானாக ஓர் அச்சுப்பொறியோடு பேச அறியாது. இடையே நின்று இரு பக்கத்து மொழியையும் அறிந்து வேலை வாங்கும் சிறு மென்பொருள் வேண்டும். கடையில் அதை 'டிரைவர்' என்பார்கள். தமிழிற் 'செலுத்தி' என்போம்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத சங்கதி அன்று. எத்துணைப் பெரிய கப்பலாயினும், நீர்வழி அறிந்த துறைமுக வழிகாட்டி ஏறி நின்றே அதைத் துறைக்குள் கொணர்கிறார். மாலுமித் தலைவன் உலகைச் சுற்றியவனாக இருக்கலாம். இந்தத் துறையின் ஆழமும் பாறையும் அவனுக்குத் தெரியா. செலுத்தி என்பது அந்த வழிகாட்டியே. முறைமை புதிதாக மாறும்போது, பழைய வழிகாட்டியின் மொழி புதிய தலைவனுக்கு விளங்காமற் போகிறது. கப்பலிலும் பழுதில்லை, துறையிலும் பழுதில்லை; ஆயினும் கப்பல் வெளியே நிற்கிறது. நமது அச்சுப்பொறி அன்று நின்றது இவ்வாறே.

"அப்படியானால் மாற்றாமலே இருந்துவிடலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். 2015 யூலையில் வெளிவந்த வின்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதன் பொருள், அந்நாளோடு கணினிகள் நின்றுவிட்டன என்பதன்று. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், தனி நீடிப்புப் பெறாத கணினிகளுக்கு வராது என்பதே அதன் பொருள். கூரையில் ஓடு விலகியதை வெயிற் காலத்தில் எவரும் பொருட்படுத்தார்; மாரி வரும்போதுதான் தெரியும். 2017 மே 12 அன்று 'வன்னாகிரை' எனும் கொள்ளை மென்பொருள் பரவியபோது உலகுக்கு அது தெரிந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகள் பூட்டப்பட்டன. கோப்புகளைத் திறக்கப் பணம் கேட்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். இதில் வேதனை என்னவெனில், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சு மாதமே வெளியிடப்பட்டிருந்தது. நிறுவாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

மாற்றுவதிலும் ஆபத்து உண்டு என்பதை 2024 யூலை 19 காட்டியது. கிரௌட்ஸ்ட்ரைக் எனும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, முறைமையின் அடிமட்டத்தில் இயங்கும் அதன் செலுத்தியை நிலைகுலையச் செய்தது. ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன என்று மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வங்கிகள் தடுமாறின. அன்று ஒவ்வொரு கணினியாகச் சென்று பழுதான கோப்பை நீக்கத் தெரிந்த மனிதர் எங்கிருந்தனரோ, அங்கே வேலை விரைந்து மீண்டது. ஆகவே மாற்றாமலிருப்பதும் மடமை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதும் மடமை. ஆயத்தத்தோடு மாற்றுவதே அறிவுடைமை.

இனி இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வின்டோஸ் 11 முறைமைக்கு மாற, கணினியில் டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு உறுப்பு இருக்க வேண்டும். 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பும் வேண்டும். செயலி ஏற்றுக்கொள்ளப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில், சில விலக்குகள் தவிர, 2017 ஆம் ஆண்டளவில் வந்த எட்டாந் தலைமுறைக்கு முந்தியவை அப்பட்டியலில் இல்லை. 32 பிற் பதிப்பே அதற்குக் கிடையாது. ஆகவே 32 பிற் முறைமைக்கென எழுதிய பழைய செலுத்திகள் அங்கே உதவா. நன்றாக உழைக்கும் இயந்திரத்தைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்பதே இதன் விளைவு. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ரூபா வீழ்ந்ததைக் கண்ட நாட்டில், ஒரு கிராமச் சங்கத்துக்கு இது சிறு செலவா?

இதற்கு மறுமொழி உண்டா? உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். வின்டோஸ் 10 பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீடித்துத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு 30 டொலர் கட்டலாம். அல்லது தமது கணினி அமைப்புகளை நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வைக்கச் சம்மதிக்கலாம். அல்லது அந்நிறுவனம் வழங்கும் பரிசுப் புள்ளிகளில் 1000 செலவிடலாம் என்று நிபந்தனை விதித்தது. ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் இதனை எதிர்த்து எழுதின. 2025 செப்டெம்பரில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்து மக்களுக்கு அந்நிபந்தனைகளின்றி இலவசமாகவே தருவதாக நிறுவனம் இறங்கி வந்தது. இயந்திரம் ஒன்றே, மென்பொருள் ஒன்றே. உரிமை மட்டும் இருவேறாயிற்று. ஏன்? அங்கே கேட்பதற்கு அமைப்பு இருந்தது. இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே கடைக்காரர் முன் நின்றோம். அமைப்பாகக் கேட்டவனுக்கே உரிமை கிட்டும் எனும் பழைய பாடம் கணினிக்கும் பொருந்துகிறது.

கேட்க வேண்டியதைக் கேட்பதற்குச் சட்டமும் நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. இன்ன தேவைக்காக வாங்குகிறேன் என்று வியாபாரிக்குத் தெரிவித்து, அவரது அறிவை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே ஒப்பந்தத்துள் வைத்துப் பார்க்கிறது. ஆனால் வியாபாரப் பெயரைச் சொல்லி "இந்தப் பொருளையே தா" என்று வாங்குவோருக்கு அப்பாதுகாப்பு கைநழுவிப் போகும். ஆகவே அச்சுப்பொறி வாங்கும்போது பெயரை மட்டும் கேளாதீர்கள். "இன்ன முறைமையில், தமிழ் எழுத்துகளை அச்சிட வேண்டும், அதற்கான செலுத்தி வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, விற்பனைச் சிட்டையிலும் எழுதுவித்து வாங்குங்கள். இரண்டு வரி எழுத ஒரு நிமிடம் போதும். எழுதாமல் விட்டதால் நட்டமடைந்தோர் பலரை நாம் அறிவோம்.

பிரதேச சபையும் அரசாங்க அலுவலகங்களும் என்ன நிலையில் உள்ளன என்பதை அறிய, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆதரவு முடிந்த முறைமையில் இயங்கும் கணினிகள் எத்தனை, மக்களின் பதிவேடுகளுக்குப் பிரதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எந்தப் பிரசையும் எழுத்தில் வினவலாம். தமிழில் வினவவும் தமிழில் விடை பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. அந்த விடையை அச்சிட அலுவலகக் கணினியில் ஒழுங்கான தமிழ் எழுத்துரு இல்லையென்றால், ஏட்டிலுள்ள உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

எழுத்துருவைப் பற்றி இங்கே ஒரு சொல். யாழ்ப்பாணத்திற் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்துத் தந்தார். அதன் வழித் தோன்றலாகவே நமது கணினி விசைப்பலகைகள் சில அமைந்தன. பின்னர் 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் நம்மவரிடையே பரவின. அவை ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தைப் பூசியவை. எழுத்துரு நீங்கினால் பூச்சு உதிர்ந்து உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளிப்படும். நமது சத்தியக்கடதாசிகளுக்கு நேர்ந்தது அதுவே. 1991 இல் வெளிவந்த யூனிகோட் நியமத்தில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. 2008 இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் தமிழ் எழுத்துக்குறிக்கு நியமம் வகுத்தது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது, ஓலையிலிருந்ததை அச்சேற்றிய நமது முன்னோர் செய்த பணிக்கு ஒப்பானதே.

இனி, மாற்றப் புகும் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது யாது? பட்டறிவிலிருந்து சொல்கிறோம்.

முதலாவது, முக்கிய அலுவலுக்கு முந்திய நாளில் மாற்றத்தில் இறங்காதீர்கள். கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அவ்வட்டைக் கழற்றி வையுங்கள். எழுத்துருக்களையும் பழகிய விசைப்பலகையை நிறுவும் கோப்பையும் அதனோடு சேர்த்து வையுங்கள். வட்டு பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். அந்த எண் இன்றி உள்ளே புக எவராலும் இயலாது.

இரண்டாவது, அச்சுப்பொறி, வருடி, வலையமைப்பு அட்டை ஆகியவற்றின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, புதிய முறைமைக்கான செலுத்தி உண்டா என்று தயாரித்தவரின் தளத்திலேயே பாருங்கள். கண்ட இடத்திற் கிடைக்கும் செலுத்தியை நிறுவுவது, வழியிற் போனவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதாகும். வலையமைப்புச் செலுத்தியை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது இன்றேல் இணையமில்லை. இணையமின்றேல் ஏனைய செலுத்திகளும் இல்லை.

மூன்றாவது, மாற்றிய பின் ஏதேனும் அசையாவிட்டால் பதறாதீர்கள். சாதன முகாமையாளர் எனும் பகுதியைத் திறந்தால், இடறும் உறுப்பின் அருகே மஞ்சள் நிறக் குறி தெரியும். அங்கேயே செலுத்தியைப் புதுப்பிக்கலாம். புதியது பிழைத்தால் முந்தியதற்குத் திரும்பலாம். எதுவுமே சரிவராவிட்டால், மாற்றிய 10 நாள்களுக்குள் பழைய முறைமைக்கே திரும்பும் வழியை வின்டோஸ் வைத்திருக்கிறது. நாம் அதை அறியாமல் அனைத்தையும் அழித்தோம். அறிந்திருந்தால் அம்முதியவர் அன்றே வழக்கை நடத்தி, மாலையில் வயலுக்குத் திரும்பியிருப்பார்.

புதிய முறைமையை ஏற்காத பழைய கணினி உடையோருக்கு வேறு வழியும் உண்டு. அது லினக்ஸ். அதன் வரலாற்றிலும் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர், தாள் சிக்கினால் அறிவிக்கும்படி அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். புதிய அச்சுப்பொறியின் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. சொந்தக் கூடத்துப் பொறியைத் திருத்தும் உரிமை தமக்கில்லையா எனும் கேள்வி அவர் உள்ளத்தில் வளர்ந்தது. 1983 இல் அவர் அறிவித்த குனூ திட்டமும், 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்தே, எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய முறைமையாயின. பழைய சாதனங்கள் பலவற்றின் செலுத்திகள் அதனோடு கூடவே வருகின்றன. எல்லாச் சாதனமும் அதில் இயங்கும் என்று நாம் சொல்லமாட்டோம். சில வருடிகளும் சில கணக்கு மென்பொருள்களும் இயங்கா. ஆயினும் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, சரிவந்தால் மட்டும் நிறுவலாம். பார்ப்பதற்குச் செலவில்லை.

இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பார் கேரளத்தைப் பார்க்கட்டும். 2001 இல் அங்கே தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது; 2017 இல் 'கைட்' எனும் அரசு நிறுவனமாயிற்று. 2018 இல் 'லிட்டில் கைட்ஸ்' எனும் மாணவர் குழுக்களும் பாடசாலைகளில் தொடங்கப்பெற்றன. பிள்ளைகளே கணினியைப் பேணப் பழகுகிறார்கள். கேரளத்தார் வேறு உலகத்தவரா? நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவா? இல்லை. ஒழுங்குபடுத்துவோர் அங்கே முன்வந்தார்கள். இங்கே இன்னும் வரவில்லை.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் பயனின்றிக் காட்டுக்குள் கிடந்ததை அறியாதார் இம்மாவட்டத்தில் இல்லை. பொருள் இருப்பது வேறு. அதை இயக்கும் ஆற்றல் நம்மிடம் இருப்பது வேறு. நம் சங்கங்களின் மேசைகளிலுள்ள கணினிகளும் அவ்வாறே கிடக்க விடப்போகிறோமா?

நாம் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் தமது கணினிகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதட்டும்: எந்த ஆண்டினது, எந்த முறைமை, எந்த அச்சுப்பொறி. அப்பட்டியல்கள் ஓரிடத்திற் சேரட்டும். சரிபார்த்த செலுத்திகளும் எழுத்துருக்களும் அடங்கிய பொதுத் தொகுப்பொன்று நகரில் இருக்கட்டும். தேவைப்படுவோர் பென் டிரைவோடு வந்து எடுத்துச் செல்லட்டும். உயர்தர வகுப்பில் தொழினுட்பம் கற்கும் மாணவர் இருவர் ஒரு சங்கத்தைப் பொறுப்பேற்கட்டும். அவர்களின் போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். புதிய கணினி வாங்கும் சபைகள், இத்தனை ஆண்டுக்குச் செலுத்தியும் தமிழ் ஆதரவும் தரப்பட வேண்டும் என்பதைக் கேள்விப்பத்திரத்தின் நிபந்தனையாக்கட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் அந்நிபந்தனையைத் தமிழில் வரைந்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நமது அலுவலகம் அதனை விலையின்றிச் செய்யும். இது வாக்குறுதி.

அடுத்த தவணைக்கு அம்முதியவர் வந்தபோது கடதாசிகள் யாவும் ஒழுங்காக அச்சாகி இருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமது பெயரையும் காணியின் நான்கு எல்லைகளையும் தமிழில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்த பின்னரே அவர் கையொப்பமிட்டார். அப்படி வாசித்து ஒப்பமிடும் உரிமை இம்மாவட்டத்துக் கடைசிக் கமக்காரருக்கும் தடையின்றி நிலைக்க வேண்டும். அதற்கான வேலை இந்த வாரமே, உங்கள் சங்கத்தின் ஒரு தாளிலே தொடங்கட்டும்!